ரதிக்கு அழுதவர்கள் எங்கே போனார்கள்?

14 பெப்ரவரி 2024 – பண்டாரவளை வாசகர் ஒருவர் தொடங்கிய இழை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றியாகிவிட்டது. ரதியும் மதனும் (மன்மதன்) லயம் லயமாக, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் தோறும் ஆடி வருகிறார்கள். வாசலில் நின்று பார்க்க ஆளில்லை. கதவைப் பாதி திறந்து ஐம்பது ரூபாவை நீட்டிவிட்டு மறுபடி சீரியல் பார்க்கப் போய்விடுகிறார்கள். மலையகத்தில் கலைஞன் குறையவில்லை, ரசிகன்தான் செத்துப்போனான். மறுப்பவர் இருந்தால் எழுதட்டும்.

15 பெப்ரவரி

மறுக்கிறேன். செத்துப்போவதற்கு அங்கே ரசிகன் என்று ஒருவன் எப்போது இருந்தான்?

பொகவந்தலாவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். முளைத்த மீசையை மாசிக்கு மாசி மழித்துவிட்டுச் சில ஆண்டுகள் ரதி ஆடியிருக்கிறேன். ஆசிரியர் வேலை கிடைத்து ஹட்டனுக்கு வந்ததோடு அது நின்றது. ஆடும்போது எதிரே நின்ற முகங்களை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு முன்னால் ரதி ஆடி வயதானதால் விலகியவர் ஒருவர். என் கால் எங்கே பிசகுகிறது என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை. தன் கூறைச் சேலையை இரவல் தந்த அக்கா ஒருவர். அட்டை வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டிக் கிரீடம் செய்த பையன்கள். பெட்ரோமாக்ஸ் மங்கும்போதெல்லாம் காற்றடித்தவர். பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டு, ரதியின் காலில் விழக் காத்திருந்த தம்பதிகள். பாட்டில் ஓர் அடி மறந்தால், கூத்துப் பழக்கிய மாஸ்டர் எடுத்துக் கொடுப்பதற்கு முன்பே மூலையிலிருந்து கிழவிகள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தவறாகவும் எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு கூத்தை நிறுத்திவிட்டு அந்த அடி எது என்று சண்டை நடக்கும்.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்த்தவர்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்தான். அவர்களும் தங்கள் மதன் இவனைவிட நன்றாக ஆடுவான் என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர்கள்.

ஆகவே, நண்பரே, ஐம்பது ரூபாவை நீட்டிய அந்தக் கைக்கு இந்தக் கூத்தில் வேறு வேலை எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை இல்லாத இடத்தில் யாரும் அதிக நேரம் நிற்க மாட்டார்கள்.

அன்றிரவு

சேலை தந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். மதன் எரிந்ததும் ரதி மண்ணில் விழுந்து புரள வேண்டும். ஒவ்வொரு மாசியும் அவர் என்னைத் தனியே அழைத்துச் சொல்வார்: "நன்றாக அழு, நன்றாகப் புரள். ஆனால் இஸ்தோப்புச் சிமெந்தில் புரள்." கூத்து நடக்கும் காமன் பொட்டலுக்கும் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்புக்கும் நடுவே ஒரு வடிகால் கான் ஓடியது. அதைத் தாண்டிப் போய்ப் புரண்ட ஒரே ரதி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

17 பெப்ரவரி

மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறவர் கேட்கிறார்: "எல்லோருக்கும் வேலை இருந்தது என்கிறீர்கள். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் என்ன வேலை?"

கூத்தில் வரும் வீரபத்திரனைப் பார்த்திருப்பீர்களே. அந்த வேடத்துக்கு உக்கிரம் ஏறும். ஏறினால் எங்கே பாய்வான் என்று சொல்ல முடியாது. நான் பார்த்த கூத்துகளில் எல்லாம் அவனுடைய இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்துப் பிடித்திருப்பார்கள். பிடிப்பவர்கள் வேடக்காரர்கள் அல்லர். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆண்கள், அன்று யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்கள். என் அப்பா ஆடத் தெரியாதவர், பாட வராதவர். அவர் கூத்துக்குப் போவதே கயிறு பிடிக்கத்தான். மறுநாள், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் உள்ளங்கையைக் காட்டி, "நேற்று வீரபத்திரன் என்னை இழுத்த இழுப்பைப் பார்" என்பார். கலைஞனின் திறமைக்கு அவர் தந்த சான்றிதழ் அந்தக் காயம்.

சிறுவர்களுக்கு எமனைக் கண்டு ஓடும் வேலை. அவர்கள் ஓடாவிட்டால் எமன் வேடக்காரர் சோர்ந்துவிடுவார்.

ஒலிபெருக்கியும் மேடையும் வந்த பிறகு நான் பார்த்த ஒரு கோயில் விழாவில் வீரபத்திரன் கயிறு இல்லாமல் ஆடினார். மேடை சிறியது, பிடிக்கிறவர்கள் நின்றால் மறைக்கும் என்று காரணம் சொன்னார்கள். அவரும் கட்டுப்பாடாகத்தான் ஆடினார். மேடை விளிம்பு எங்கே என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வரும் உக்கிரத்துக்குக் கயிறு தேவைப்படாதுதான்.

18 பெப்ரவரி

சீரியல்தான் எதிரி என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல், ரூபவாஹினி வந்தது 1982இல். லயங்களுக்கு மின்சாரம் வந்து சேர அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு முன்பே கூத்துக்கு ஆள் குறைகிறது என்று என் மாஸ்டர் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் திட்டியது டிரான்சிஸ்டரை. அவருடைய மாஸ்டர் எதைத் திட்டினாரோ.

திட்டிக்கொண்டே அந்த டிரான்சிஸ்டரில் கேட்ட சினிமா மெட்டில் ரதியின் வரவுப் பாட்டைப் போட்டவரும் அவரே. கிழவிகள் முகத்தைச் சுளித்தார்கள், இளைஞர்கள் மறுபடி ஆடச் சொன்னார்கள். மாஸ்டர் மறுபடி ஆட வைத்தார். கூட்டம் எங்கே காது கொடுக்கிறதோ அங்கே போய்க் கலைஞன் நிற்பது புதிதல்ல. 1930களில் மீனாட்சி அம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடியபோதும் மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில்தான் பாடினார். தெரிந்த மெட்டாக இருந்தால் கூட்டம் உடனே கூடப் பாடத் தொடங்கிவிடும். அவருடைய கணவர் நடேசய்யர் 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பு புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து மக்களின் நிலையைப் பார்த்தவர் அவர். தோட்டத்துக்குள் அந்நியர் கால் வைக்கத் துரையின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. எங்கள் ஊரில் மக்களின் முன்னால் நிற்கவே ஒரு வேடம் தேவைப்பட்டிருக்கிறது!

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறுகளில் பஜாரில் பாட்டுப் புத்தகம் விற்றவர்களையும் இங்கே சேர்க்க வேண்டும். கொலை, வெள்ளம், வேலைநிறுத்தம், எதுவானாலும் பாட்டாக்கி அச்சடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நின்று பாடுவார்கள். பாட்டு முழுவதையும் பாட மாட்டார்கள். கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டுமானால் புத்தகம் வாங்க வேண்டும்.

20 பெப்ரவரி

இழை எம்.ஜி.ஆர். பக்கம் திரும்பியதில் எனக்குப் பங்கில்லை. ஆனாலும் சொல்கிறேன். 1917இல் கண்டிச் சீமையில் பிறந்தவர் என்பதால் அவரை நம் ஊர்ப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளாத சலூன் மலையகத்தில் இல்லை. 1965இல் அவர் இலங்கைக்கு வந்துபோனதைப் பற்றி, நேரில் பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லும் பழக்கம் எங்கள் தோட்டத்தில் நீண்ட காலம் இருந்தது. படக்கொட்டகையில் அவர் அடிவாங்கும்போது எழுந்து நின்று திரையைத் திட்டிய அதே ஆட்கள்தான் காமன் பொட்டலில் கயிறு பிடித்தார்கள். திரைக்கு அவர்களுடைய திட்டு கேட்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் சத்தமாகத் திட்டினார்கள்.

25 பெப்ரவரி

நேற்றிரவு காமன் எரிப்புக்குப் போனேன். எங்கள் பழைய தோட்டமல்ல, நோர்வூட் பக்கம். பண்டாரவளைக்காரர் சொன்னது பாதி சரி. முன்னிரவில் கூட்டமில்லை. சிவன் தவத்தில் அமர்ந்தார், தூதன் வந்தான், குறவன் குறத்தி வந்து இரட்டை அர்த்தத்தில் பேசினார்கள், சிரிக்கக்கூட ஆள் போதவில்லை. நள்ளிரவுக்கு மேல், ரதி தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லி மதனைப் போகாதே என்று தடுக்கும் கட்டம் வந்தபோது கதவுகள் திறந்தன. போர்வையைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நேரம் தெரியும். காலையில் மலைக்குப் போக வேண்டியவர்கள் முன்னிரவைத் தூங்கிக் கழித்துவிட்டு வேண்டிய இடத்துக்கு எழுந்து வந்திருக்கிறார்கள்.

எரிந்தது. ரதி புலம்பத் தொடங்கினார். கைபேசிகள் உயர்ந்தன. என் பக்கத்தில் இருந்த ஒரு பெண் ரதியின் பாட்டோடு ஒட்டி மெதுவாக ஆரம்பித்து, மூன்றாவது அடியில் மன்மதனை விட்டுவிட்டுத் தன் கணவனின் பெயரைச் சொல்லி அழுதார். அவர் இறந்து ஓராண்டு ஆகவில்லையாம். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ரதி வேடக்காரர் இளைஞர். இதைக் கவனித்தார், தன் அடிகளைக் கொஞ்சம் இழுத்து அவர்களுக்கு இடம்விட்டுப் பாடினார். யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாத காரியம் அது. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த பையனின் மணிக்கட்டில் அவனுடைய சித்தி ஓர் அடி வைத்தார். அவன் கையை மாற்றிக்கொண்டு தொடர்ந்து படம் பிடித்தான்.

பண்டாரவளைக்காரரே, நீங்கள் எத்தனை மணி வரை இருந்தீர்கள்?

26 பெப்ரவரி

அவர் பதில் எழுதியிருக்கிறார்: பத்தரை மணி வரை. சரி.

28 பெப்ரவரி

தலவாக்கலையிலிருந்து ஒருவர் கூட்டம் குறைந்ததற்கு 1964ஐக் காரணம் சொல்கிறார். இதை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

1948இல் எங்கள் மக்களின் குடியுரிமை போயிற்று. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் பேசி அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். இந்த எண்களை எல்லோரும் சொல்வார்கள். ஒரு கூத்துக் குழுவுக்குள் இது என்ன செய்தது என்பதை நான் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் ஆடிய ரதிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவரோடு மதன் ஆடியவரின் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட். இருவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். ஹட்டன் ஸ்டேஷனில் மதனை வழியனுப்பப் போன ரதி, கூத்தில் பாடும் புலம்பலை அங்கே பாடவில்லை என்று எங்கள் அம்மா சொல்வார். வாயைத் திறக்கவே இல்லையாம். மற்றவர்கள் பாடியிருக்கிறார்கள்.

அந்த மதன் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கிருந்து வந்த கடிதங்களில் நலம் விசாரிப்பு முடிந்ததும் ஒரே கேள்விதான் இருக்கும்: இந்த வருடம் மதன் யார், அவன் வில்லை எந்தக் கையில் பிடிக்கிறான்? பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இடக்கையில் பிடித்தான். அதை எழுத யாருக்கும் மனம் வரவில்லை.

கூட்டம் குறைந்தது என்பதை இதனால்தான் நான் முழுவதாக ஒப்புவதில்லை. மாஸ்டரின் தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். லயம் மறுபடி நிரம்பிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், ஆட்டமும் தொடர்ந்தது. "இது அப்படியல்ல" என்று சொல்லும் குரல் கப்பலேறிப் போய்விட்டது. மதிப்பிடத் தெரிந்தவன் எதிரே இல்லாவிட்டால் ஆடுகிறவன் முதலில் சந்தோஷப்படுவான். இரண்டு மூன்று வருடத்தில் அலுத்துவிடும்.

3 மார்ச்

ராகலையிலிருந்து, தப்பு எனும் தோற்பறை அடித்த குடும்பத்து இளைஞர் ஒருவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "என் தாத்தா தப்பு அடித்தவர். எனக்கும் தெரியும். அடிக்க மாட்டேன். நீங்கள் எழுதுகிற சேலை அக்காவும் கயிறு பிடித்த அப்பாவும் என் தாத்தாவை எங்கே உட்கார வைத்தார்கள் என்று எழுதுங்கள்."

எழுதுகிறேன். ரதி மதனாக நாங்கள் லயத்துக்கு லயம் போகும்போது பெரிய காம்பராக்களில் எங்களை இஸ்தோப்புக்குள் அழைத்துத் தேத்தண்ணீர் தருவார்கள். எனக்குத் தாளம் கொடுத்தவர் படிக்குக் கீழே நிற்பார். அவருக்கும் தேத்தண்ணீர் வரும், வேறு தம்ளரில். நான் குடித்து முடிக்கும் வரை அவர் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருப்பார். இதை நான் பார்த்தேன். என் பதின்மூன்று பதினான்கு வயதில் பார்த்தேன் என்றால் அறியாப் பருவம் என்று விட்டுவிடலாம். ரதி ஆடிய வயதிலும் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

விடிகாலையில் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பவும் அதே தப்பு. சாவு வீட்டுக்கும் அதே தப்பு. மாரியம்மன் திருவிழாவுக்கும் காமனுக்கும் அதே தப்பு. ஒரு தோட்டத்தின் நாள் முழுவதையும் அந்த வீட்டுக் கைகள்தான் நடத்தின. கூலியாகக் கொஞ்சம் காசும் சாராயமும். காசைக் குறைத்துச் சாராயத்தைக் கூட்டினால் அவரும் மறுக்க மாட்டார், தோட்டத்துக்கும் லாபம். இப்படிக் குடித்தே செத்தவர்களை "நல்ல கலைஞன், குடியால் கெட்டான்" என்று ஊர் சொல்லிற்று. ஊற்றியது யார்?

முதல் குறிப்பில் வேலை என்று பேசினேன். வேலை எல்லோருக்கும் இருந்தது. படி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பழைய பார்வையாளர்களை நினைத்து ஏங்கும் ஒவ்வொருவரும், நான் உட்பட, எந்தப் படியில் நின்று ஏங்குகிறோம் என்று சொல்லிவிட்டு ஏங்கினால் நல்லது.

ராகலைக்காரருக்கு: அடிக்காதீர்கள். அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடியுங்கள். எங்கள் கூத்து நிற்கும் என்பதற்காக மட்டும் அடிக்காதீர்கள்.

4 மார்ச்

"இன்று தப்பு பெருமைக்குரிய கருவியாகிவிட்டது, கொழும்பில் மேடையேறுகிறது, பல்கலைக்கழக மாணவர்கள் கற்கிறார்கள்" என்று இரண்டு பேர் நினைவூட்டுகிறார்கள். தெரியும், மகிழ்ச்சி. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதைக் குறித்த மலையகம் 200 நிகழ்வுகளில் தப்பு ஒலிக்காத மேடை இல்லை. கீழே இறங்கியதும் தம்ளர் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

9 மார்ச்

போட்டிகள் கூத்தைக் காப்பாற்றின என்ற வாதத்துக்கு வருகிறேன். பாடசாலைகளின் தமிழ்மொழித்தினப் போட்டிகளுக்கு வலய மட்டத்தில் நடுவராக உட்கார்ந்தவன் என்பதால் எனக்கும் இதில் பேச உரிமை உண்டு.

மூன்று நாற்காலி, ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் போத்தல், புள்ளித் தாள். தாளில் தாளக்கட்டு, ஆடை அணி, மேடையைப் பயன்படுத்தல் என்று கட்டங்கள். விடிய விடிய நடக்கும் கதையைப் பிள்ளைகள் சில நிமிடங்களில் முடிக்க வேண்டும். மணி அடித்துவிட்டால் புள்ளி குறையும் என்பதால் சிவனின் தவம் மிக வேகமாகக் கலையும். ஒரு முறை, நெற்றிக்கண்ணைத் திறக்க மறந்த சிவனுக்காகக் காத்திருக்காமல் மன்மதன் தானாகவே எரிந்துவிட்டான். நேரக் கட்டுப்பாட்டுக்கு நான் புள்ளி போட்டேன்.

இங்கே கவனிக்க வேண்டியது பிள்ளைகளின் கண். மண்டபம் முழுக்கப் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கண் எங்கள் மூவரின் மேல். ரதி அழும்போது என்னைப் பார்த்து அழுகிறாள், நான் எழுதுகிறேனா என்று பார்க்கிறாள். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய பாட்டிக்கு அந்தப் பாட்டு முழுவதும் தெரியும். வாயைத் திறந்து எடுத்துக்கொடுத்தால் அந்தப் பாடசாலையைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவோம்.

அறுபதைக் கடந்த கலைஞர்களுக்கு அரசு தரும் கலாபூஷணம் பற்றியும் ஒருவர் கேட்டார். தகுதியானவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாஸ்டர் பட்டம் வாங்கி வந்த பிறகு தோட்டத்தில் யாரும் அவரைத் திருத்துவதில்லை. அவருக்கு அதுதான் வருத்தம்.

10 மார்ச்

கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியை சூடாக எழுதியிருக்கிறார். பாடசாலைப் போட்டி வந்திராவிட்டால் பெண் பிள்ளைகள் ரதி ஆடியிருப்பார்களா, தப்பைத் தொட்டிருப்பார்களா? உங்கள் காமன் பொட்டலில் பெண் எங்கே நின்றாள்? புலம்ப மட்டும்தானே அழைத்தீர்கள்?

முழுமையாக ஏற்கிறேன். பெண் ரதியைத் தோட்டத்துக் காமன் பொட்டலில் நான் இன்றுவரை பார்க்கவில்லை. ஆனால் நோர்வூட் இரவில் ஒன்று நடந்தது. அன்று எழுதும்போது அதைச் சிறு விஷயமாக நினைத்துவிட்டுவிட்டேன். மதன் புறப்படும் பாட்டில் மதன் வேடக்காரர் ஓர் அடியைத் தாண்டிப் போனார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை, பாடசாலைச் சீருடையோடு நின்றவள், அந்த அடியை உரக்கப் பாடினாள். போட்டிக்காகப் பாடமாக்கியிருக்கிறாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மதன் திரும்பிப் போய் அந்த அடியிலிருந்து மறுபடி தொடங்கினார். கிழவிகள் செத்த பிறகு அந்த மூலையில் யார் நிற்பார்கள் என்று இதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

12 மார்ச்

கூலி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 2021இல் தினச் சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. ஒத்திகைக்கும் எரிப்பு இரவின் மறுநாளுக்கும் வேலைக்குப் போக முடியாது, பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. வாசல் வாசலாகக் கிடைக்கும் காசு கோயிலுக்குப் போகிறது. கொழும்பில் கடையில், ஹோட்டலில் வேலை செய்யும் பையன்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரைக்கும் வருவார்கள். மாசியில் முதலாளி லீவு தர மாட்டார். எரிப்பைச் சனிக்கிழமைக்கு நகர்த்திய தோட்டங்களில் கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது. சாத்திரம் பார்க்கிறவர்கள் திட்டுகிறார்கள். மன்மதனுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

16 மார்ச்

கைபேசியைத் திட்டியவர்கள் இதைப் படிக்கவும். நோர்வூட் கூத்தைப் படம் பிடித்த பையனைத் தேடிப் பேசினேன். அவன் பதிவு செய்யவில்லை. முகநூலில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தான். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தோட்டத்துப் பெண்கள். குவைத்திலும் சவுதியிலும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். அவனுடைய அம்மாவும் அவர்களில் ஒருவர். எசமானி தூங்கிய பிறகு சமையலறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

கருத்துகளைக் காட்டினான். ரதி அழகு, மதன் நன்றாக ஆடுகிறான் என்று எழுதியவர்கள் கொஞ்சம். மற்றவை வேறு ரகம். "கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு, எங்கள் வாசல் தெரியட்டும்." "சின்னவன் ஸ்வெட்டர் போட்டிருக்கிறானா?" "அந்த அடி தப்பு, தாத்தா வேறு மாதிரிப் பாடுவார்." ஒரு பெண் ரதியின் புலம்பல் முழுவதையும் தன் குரலில் பாடிப் பதிவாக அனுப்பியிருந்தார். சவுதிச் சமையலறையில், குரலை அடக்கி.

சித்தி மணிக்கட்டில் அடித்ததற்கு அவன் ஏன் கையை மாற்றிக்கொண்டான் என்று இப்போது புரிகிறது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

17 மார்ச்

"அப்படியானால் நேரலை பழைய கூட்டத்துக்கு ஈடு என்கிறீர்களா?" இல்லை. வீரபத்திரனின் கயிற்றைக் குவைத்திலிருந்து பிடிக்க முடியாது. தவறை மட்டும் குவைத்திலிருந்தும் கண்டுபிடிக்கிறார்கள். 1964க்குப் பிறகு கூடலூரிலிருந்து கடிதமாக மெல்ல வந்த அந்தக் குரல் இப்போது அதே இரவில் வருகிறது. ஆடுகிறவன் அதைப் படிப்பானா என்பதுதான் கேள்வி. நோர்வூட் மதனிடம் காட்டினார்களாம். "வேறு மாதிரி என்றால் எப்படி?" என்று கேட்டு அந்தப் பெண்ணுக்குப் பதில் போட்டிருக்கிறார்.

24 மார்ச்

நேரலையைப் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டுக் கூத்துக்கென்று பணம் அனுப்பியிருக்கிறார்கள், நல்ல தொகை. இந்த இழையைப் பார்த்துவிட்டு என் பழைய தோட்டத்துக் கமிட்டியும் அடுத்த மாசிக்கு அதே மாதிரி நேரலை செய்யத் தீர்மானித்திருக்கிறது. கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கமரா பிடிக்கிறவன் தப்புக்கும் பெண்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கக் கூடாது. உடனே ஒப்புக்கொண்டார்கள்.

வரும் பணத்தில் வேடக்காரர்களுக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். தப்புக்காரர்களின் பெயர் அந்தத் தாளில் இல்லை. கேட்டேன். "அவர்களுக்கு வழமைபோல் தனியாகக் கவனித்துக்கொள்வோம்" என்றார்கள். தனியாக என்றால் எப்படி என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தப்புக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவும் இல்லை.

27 மார்ச்

என்ன செய்தீர்கள் என்று ராகலை இளைஞர் கேட்கிறார். தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கோயில் காசு சம்பளப் பட்டியலான செக்ரோலில் பிடிபடும். என்னைப் போல் வெளியே போனவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கையில் கொடுத்து நோட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். நோட்டு நேற்று ஹட்டனுக்கு வந்தது. பணத்தை எண்ணி மேசையில் வைத்தேன். தாளில் தப்புக்காரர்களுக்கும் சம பங்கு என்று எழுதிக்கொண்டு வந்தால் எடுத்துப் போகலாம் என்றேன். கொண்டு வந்த தம்பி சங்கடப்பட்டு, என் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்விட்டார். பணம் இன்னும் மேசை லாச்சியில்தான் இருக்கிறது.